கொள்ளிடம் பாலத்தில் நின்ற வண்டி

அற்புதசாமிக்கு யாரையும் பிடிக்காது. அதில் அவன் பாரபட்சம் பார்த்ததே இல்லை. திருச்சி ஜங்ஷன் டாக்ஸி ஸ்டாண்டில் அவனுக்கு முன்னால் வண்டி போடுகிறவனையும் பிடிக்காது, பின்னால் போடுகிறவனையும் பிடிக்காது. ஏறுகிற சவாரி கதவை ஓங்கிச் சாத்தினால் முறைப்பான். மெதுவாகச் சாத்திக் கதவு சரியாக மூடாமல் போனால் இறங்கி வந்து முறைப்பான். அவன் வீடு இருந்த பாலக்கரையில் மாதா கோயில் திருவிழா நடந்தபோது சப்பரத்துக்கு முன்னால் யார் வண்டி போவது என்று பங்குச் சாமியாரோடு மல்லுக்கு நின்றான். அது நடக்கவில்லை என்றதும் தன் அம்பாஸடரின் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த மாதா படத்தைச் சுரண்டி எடுத்தான். இனிமேல் என் வண்டிக்குள் சாமியும் வேண்டாம், சாமியாரும் வேண்டாம் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்.

இப்படிப்பட்டவனுக்கும் ஒரு மனைவி இருந்தாள். இருதயமேரி. காலையில் எழுந்ததும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. அவன் எழுந்து வந்து தண்ணீர் அளவைப் பார்த்துக் குறை சொல்வது அவன் வேலை. இரண்டும் ஒரு நாள் தவறியதில்லை.

இருதயமேரியின் அண்ணன் தைரியராஜ் தென்னூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். இன்ஜின் வேலையும் பார்ப்பான், ஒயரிங் வேலையும் பார்ப்பான். அற்புதசாமி தன் வண்டியை அங்கேதான் விடுவான். மச்சான் மேல் பாசம் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. வேறு மெக்கானிக்கைத் திட்டினால் பதிலுக்கு ஸ்பானர் பறந்து வரும். தைரியராஜைத் திட்டினால் தங்கை முகத்துக்காகப் பொறுத்துக்கொள்வான். அந்தச் சௌகரியம் ஊரில் வேறு எங்கே கிடைக்கும்?

எழுபத்தேழு வெள்ளம் வடிந்த அடுத்த வருடம் வண்டிக்கு ஒரு நோய் வந்தது. பாலம் ஏறும்போது பல தடவை இன்ஜின் நின்றுவிடும். இருமல் கிடையாது, திணறல் கிடையாது. ஓடிக்கொண்டே இருக்கும்போது சாவியைத் திருப்பி அணைத்தது போல ஒரே வெட்டாக நின்றுவிடும். சவாரிகள் இறங்கித் திட்டிக்கொண்டே வண்டியைப் பின்னுக்குத் தள்ளிச் சமதளத்துக்குக் கொண்டுவருவார்கள். அங்கே சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். அற்புதசாமிக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. மனிதர்கள் அவனை அவமானப்படுத்தினால் திருப்பித் திட்டலாம். வண்டியை என்ன சொல்லித் திட்டுவது?

திட்டுவதற்குத் தைரியராஜ் இருந்தான். வண்டி நிற்க ஆரம்பிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அவன் ட்யூனிங் செய்து கொடுத்திருந்தான். டிஸ்டிரிபியூட்டருக்குள் புது பாயிண்ட், புது கண்டென்சர் எல்லாம் போட்டிருந்தான். இன்ஜின் சுற்றும்போது எந்த நொடியில் தீப்பொறி விழ வேண்டும் என்பதை அந்தப் பாயிண்ட்தான் திறந்து மூடிச் சொல்லும், அந்தத் தகவல் அறுந்தால் வண்டி இப்படித்தான் ஒரே வெட்டாக நிற்கும் என்று தைரியராஜே விளக்கினான். அதைச் சொன்னதுதான் அவன் செய்த தப்பு. அங்கே கை வைத்தவன் நீதானே என்று அற்புதசாமி பிடித்துக்கொண்டான்.

தைரியராஜ் பாயிண்டைத் தேய்த்தான், இடைவெளி பார்த்தான், கண்டென்சரை மாற்றினான், கார்புரேட்டரைக்கூடக் கழற்றிக் கழுவினான். ஒவ்வொரு தடவையும் தென்னூர் தெருக்களில் ஓட்டிப் பார்த்தார்கள். தென்னூரில் மேடு ஏது? வண்டி சமர்த்தாக ஓடியது. காவிரிப் பாலம் ஏறியதும் நின்றது. கடைசியில் காயிலைக் கழற்றிப் பார்க்கலாம் என்று தைரியராஜ் சொன்னான். காயில் என்றால் தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைக் கூட்டிக் கொடுக்கும் டப்பா. இந்த நோய் வருவதற்கு வெகு முன்பே, மச்சானை நம்பாமல் அற்புதசாமியே புதிதாக வாங்கித் தன் கையால் மாட்டியது அது.

"அது நான் போட்டது. அதுல கை வெச்சே, கை இருக்காது" என்றான் அற்புதசாமி. தைரியராஜ் கையை எடுத்துக்கொண்டான்.

பிறகு வந்தது அந்த முகூர்த்த நாள். ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவர் வெளியூரிலிருந்து குடும்பத்தோடு ரயிலில் வந்து இறங்கி, உத்தர வீதியில் தங்கை பெண் கல்யாணத்துக்குப் போக இவன் வண்டியில் ஏறினார். காவிரிப் பாலம் ஏறும் இடத்தில் வண்டி நின்றது. பட்டுப் புடவைகளும் மயில்கண் வேஷ்டியுமாக அத்தனை பேரும் நடுரோட்டில் இறங்கினார்கள். வக்கீல் தள்ள மறுத்துவிட்டார். வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் மாங்கல்ய தாரணம் முடிந்துவிட்டது. மறுநாள் அவர் ஸ்டாண்டுக்கே வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"பெருமாள் சந்நிதிக்குப் போற வழியில இப்படி நடுவுல விட்டுட்டுப் போறதுக்கு ஒரு வண்டியா? இனிமே எங்காத்து மனுஷா ஒருத்தரும் இதுல ஏறப்படாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வரேன்" என்றார்.

ஸ்டாண்டே கேட்டுக்கொண்டிருந்தது. சிலர் சிரிக்கவும் செய்தார்கள். அற்புதசாமி நேரே தென்னூருக்கு வண்டியை விட்டான். ஷெட்டில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே தைரியராஜின் சட்டைக் காலரைப் பிடித்தான். வண்டி திரும்பத் திரும்ப உன்கிட்டேயே வர வேண்டும் என்று வேண்டுமென்றே எதையோ உள்ளே விட்டு வைத்திருக்கிறாய், கூடப் பிறந்தவள் வயிற்றில் அடிக்கிறாய் என்று கத்தினான்.

"மாப்பிள்ளை, நான் அப்படிச் செய்ய மாட்டேன்னு உங்களுக்கே தெரியும்" என்றான் தைரியராஜ். காலரை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை.

ஸ்டாண்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலையில் சூது வைக்கிறான் என்று ஒரு மெக்கானிக்கின் பெயரை ஒரு டிரைவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால், அப்புறம் அந்த ஸ்டாண்டு வண்டி ஒன்றுகூட அவன் ஷெட்டுக்குப் போகாது. விசாரணை, சாட்சி எதுவும் கிடையாது. சொன்னவன் வாய்தான் சாட்சி. அதனாலேயே யாரும் லேசில் சொல்ல மாட்டார்கள். ஸ்டாண்டில் மூத்த டிரைவர் சின்னையா. தென்னூரில் நடந்தது காதுக்கு எட்டியதும் அவன் அற்புதசாமியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தான்.

"அற்புதம், சொன்னா சொன்னதுதான். நல்லா யோசிச்சுக்க. அவனுக்கு நம்ம வண்டிங்கதான் சோறு."

"யோசிக்க என்ன இருக்கு? அவன்தான்" என்று ஸ்டாண்டுக்கே கேட்கும்படி சொன்னான் அற்புதசாமி.

ஆனால் அவன் கையில் ஒரு ஆதாரமும் இல்லை. அது அவனை உறுத்தியது. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்ற உறுத்தல் இல்லை, அந்த மாதிரி உறுத்தலுக்கெல்லாம் அவனிடம் இடமில்லை. தைரியராஜ் உள்ளே விட்டு வைத்ததைக் கையும் களவுமாகப் பிடித்து ஸ்டாண்டில் எல்லார் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்ட வேண்டும் என்ற வெறி. அந்த வெறியில் மின்சாரம் வருகிறதா என்று வைத்துப் பார்க்க, இரண்டு ஒயர் கோத்த பல்பு ஒன்றை வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொண்டான்.

ஒரு நாள் உச்சிவெயிலில் சமயபுரத்தில் சவாரியை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். டோல்கேட் தாண்டிக் கொள்ளிடம் பாலத்துக்கு ஏறும் மேட்டில் வண்டி நின்றது. தள்ள ஆள் இல்லை. இருந்திருந்தாலும் அவன் கேட்டிருக்க மாட்டான். இத்தனை நாளும் வண்டியைச் சமதளத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து பிறகுதான் பானெட்டைத் திறந்தார்கள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நோய் வந்த இடத்தில் நோயை யாருமே பார்க்கவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்தான். மேட்டிலேயே பானெட்டைத் திறந்தான்.

காயிலில் இரண்டு முனைகள். பேட்டரி பக்கத்திலிருந்து மின்சாரம் உள்ளே வரும் முனையில் பல்பின் ஒரு ஒயரையும், வண்டியின் இரும்புப் பாடியில் மற்றதையும் வைத்தான். எரிந்தது. டிஸ்டிரிபியூட்டருக்குப் போகும் முனையில் வைத்தான். எரியவில்லை. இன்ஜினைச் சுற்ற வைத்துப் பார்த்தான். பாயிண்ட் திறந்து மூடும்போது பல்பு மினுக்க வேண்டும். மினுக்கவில்லை. மாட்டினான் பயல் என்று அவனுக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். டிஸ்டிரிபியூட்டருக்குள் எங்கேயோ ஒயர் பாடியில் படுகிறது, அது தைரியராஜ் கை வைத்த இடம். இனி நிரூபிக்க ஒன்றே ஒன்றுதான் பாக்கி. டிஸ்டிரிபியூட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டால் தைரியராஜின் வேலை மொத்தமும் கணக்கிலிருந்து போய்விடும், பல்பு எரிந்தாக வேண்டும். கழற்றினான். பல்பை வைத்தான்.

எரியவில்லை.

ஒயர் நுனியைத் தேய்த்து மறுபடி வைத்துப் பார்த்தான், அப்போதும் எரியவில்லை. குற்றம் தைரியராஜ் போட்டதில் இல்லை. இந்தப் பக்கம், அவனே மாட்டிய காயிலில் இருக்கிறது. காயிலுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் விரலை விட்டான். மெல்லிய சங்கிலி ஒன்று தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தான். காயிலைப் பிடித்திருக்கும் பட்டையில் சங்கிலியை நன்றாக முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. அதன் நுனியில் உலோகத்தில் வார்த்த, கட்டைவிரல் நகமளவு ஒரு மாதா சுரூபம் தொங்கியது. வண்டி மேடு ஏறிச் சாயும்போது பல தடவை சுரூபம் பின்னுக்கு ஆடிப்போய் அந்த முனையின் மேல் உட்கார்ந்துகொள்ளும். மின்சாரம் சங்கிலி வழியாகப் பாடியில் இறங்கிவிடும், தீப்பொறி செத்துவிடும். சமதளத்துக்கு வந்தால் சுரூபம் தானாக விலகிக்கொள்ளும்.

சங்கிலியில் இரண்டு நீல மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இருதயமேரியின் அறுந்த ஜெபமாலை. தொட்டியம் ரோட்டில் வாழைத்தார் லாரியோடு மோத இருந்து மயிரிழையில் தப்பி வந்த அன்று அவள் அழுத அழுகை அவன் நினைவுக்கு வந்தது. டேஷ்போர்டில் மாதாவுக்கு இடமில்லை என்று ஆன பிறகு, அவன் கண்ணில் படாத இடமாகத் தேடித் தண்ணீர் ஊற்றப் போன நேரத்தில் கட்டியிருக்கிறாள். புருஷன் உயிரோடு வீட்டுக்கு வர வேண்டும் என்று கட்டியது. அவனால் அவள்மேல் கோபப்படக்கூட முடியவில்லை, அது அவனுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

சங்கிலியைக் கழற்றினான். கொள்ளிடத்தில் எறியத்தான் கையை ஓங்கினான். சாமியாரோடு சண்டை போட்டவன்தான். ஆனாலும் மாதாவை ஆற்றில் எறிய அவனுக்குக் கை வரவில்லை. டூல்ஸ் பைக்குள் ஸ்பானர்களுக்கு அடியில் திணித்தான். ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பினான். வண்டி மேட்டிலேயே கிளம்பி, பாலத்தைக் கடந்து, ஸ்டாண்டு வரைக்கும் ராஜா மாதிரி வந்தது.

சின்னையா கேட்டான், என்ன ஆச்சு, கண்டுபிடித்தாயா என்று. அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். என் வீட்டுக்காரி கட்டியது, மச்சான் மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை. ஸ்டாண்டு சிரித்திருக்கும், ஒரு வாரம் கேலி பேசியிருக்கும், அதோடு போயிருக்கும். அந்த ஒரு வாரக் கேலியைத் தாங்க அற்புதசாமிக்கு மனசு வரவில்லை.

"உள்ள ஒரு ஒயரை பாடியில படுற மாதிரி விட்டு வெச்சிருந்தான். நானே எடுத்துட்டேன்" என்றான்.

தைரியராஜின் ஷெட் அன்றோடு தீர்ந்தது. வெறும் சந்தேகமாக இருந்தவரைக்கும் ஒன்றிரண்டு பேர் ஒளிந்து மறைந்து போய்க்கொண்டிருந்தார்கள். கண்ணால் பார்த்தேன் என்று சொந்த மாப்பிள்ளையே சொன்ன பிறகு யார் போவார்கள்? தைரியராஜ் கொஞ்ச காலம் காலி ஷெட்டில் உட்கார்ந்து பார்த்தான். பிறகு பூட்டிச் சாவியை இடத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு, மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் இன்ஜின் பார்த்துக்கொள்ளும் கூலி வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். அற்புதசாமி ஸ்டாண்டில் அதையும் விடவில்லை. மில்லுக்காரன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், பாதி அரிசியைத் தவிட்டில் விட்டு வைத்துவிடுவான் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இருதயமேரி அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டான். அண்ணன் மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்குக்கூட அவளை அனுப்பவில்லை.

இந்தக் கதையில் இருதயமேரிக்குத் தெரிந்தது வேறு. வண்டி நிற்க ஆரம்பித்த நாளிலேயே அவள் மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். வண்டி நிற்காமல் ஒரு வருஷம் ஓடினால் நேர்ச்சைப் பொங்கல் வைக்கிறேன் என்று. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் விரலை விட்டுச் சுரூபத்தைத் தொட்டுக் கும்பிடுவாள். ஒரு நாள் காலையில் விரலை விட்டால் சுரூபம் இல்லை. அன்றிலிருந்து வண்டியும் நிற்கவில்லை. அண்ணன் ஒயரை விட்டு வைத்தான் என்ற பேச்சை அவள் நம்பவே இல்லை, இரண்டையும் கூட்டிப் பார்த்தாள். மாதாவே வந்து வண்டியைச் சரிசெய்துவிட்டுத் தன் சுரூபத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புருஷனிடம் சொன்னால் வண்டிக்குள் எதற்கடி மாதா என்று பாய்வான். அதனால் அந்தச் சந்தோஷத்தை அவள் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

ஒரு வருஷம் முடிந்து மாதா திருநாளும் வந்தது. அவள் பொங்கல் வைத்தாள். அவர்கள் வீட்டு வழக்கப்படி நேர்ச்சைச் சோற்றில் முதல் பங்கு கூடப் பிறந்தவனுக்குப் போக வேண்டும், அதைக் கொடுக்காமல் வீட்டார் யாரும் வாயில் வைக்கக் கூடாது. பகை இருந்தாலும் இதை மறுக்கக் கூடாது, தடுக்கவும் கூடாது. தடுத்தால் நேர்ச்சை முறிந்துவிடும், முறிந்த நேர்ச்சை வண்டி மேல்தான் விழும் என்று இருதயமேரி சொன்னாள். வண்டி மேல் என்று சொன்னதால் அற்புதசாமி அடங்கினான். வாசலிலேயே நிற்பேன், உள்ளே வர மாட்டேன் என்ற நிபந்தனையோடு அவளை மண்ணச்சநல்லூருக்கு ஏற்றிக்கொண்டு போனான்.

மில் வாசலில் தைரியராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். இளைத்திருந்தான். தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். எதற்கு நேர்ச்சை என்று கேட்டதும் இருதயமேரி பொங்கிவிட்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்த அற்புதத்தை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த அற்புதசாமிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. குறுக்கே போய் நிறுத்தவும் வழியில்லை.

தைரியராஜ் நிதானமாகக் கேட்டான்: "எந்த இடத்துல கட்டினே?"

"காயில்னு சொல்லுவீங்கள்ல, அந்த டப்பாவுக்குப் பின்னாடி."

"எதால கட்டினே?"

"என் ஜெபமாலைச் சங்கிலியாலதாண்ணே. அறுந்து கிடந்துச்சு. கெட்டியா முடிச்சுப் போட்டேன்."

தைரியராஜ் தங்கையைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக அற்புதசாமியைப் பார்த்தான். நேர்ச்சைச் சோற்றைப் பத்திரமாக ஓரத்தில் வைத்துவிட்டு வண்டியருகே வந்தான்.

"மாப்பிள்ளை, உள்ள நான் விட்டு வெச்ச ஒயரைக் கழட்டினதா ஸ்டாண்டுல சொன்னீங்களாமே. நிஜமா என்ன கழட்டினீங்க?"

அற்புதசாமி மில்லின் புகைபோக்கியைப் பார்த்தான். அந்தச் சுரூபம் எங்கேயாவது விழுந்திருக்கும், ரோடு மோசம் என்று முணுமுணுத்தான். கெட்டியாக முடிச்சுப் போட்டது எப்படி விழும் என்று தைரியராஜ் கேட்டான். பிறகு தங்கை பக்கம் திரும்பி, சங்கிலி அந்த இடத்தில் பட்டால் இன்ஜின் நிற்கும் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொன்னான். அவன் குரலில் ஈவிரக்கம் இல்லை. அத்தனை காலம் ஒருவனைச் சும்மா உட்கார வைத்தால் அவனிடம் ஈவிரக்கம் எங்கிருந்து வரும்?

இருதயமேரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவள் புருஷனிடம் வந்து கையை நீட்டினாள்.

"குடுங்க" என்றாள்.

அவன் டிக்கியைத் திறந்து, டூல்ஸ் பையைத் துழாவி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுரூபத்தை எடுத்து அவள் கையில் வைத்தான். அவள் அதை முந்தானையால் துடைத்தாள்.

"மாதா உங்க வண்டியைத்தான் நிறுத்தினாங்க. எங்க அண்ணன் பிழைப்பை நிறுத்தினது நீங்க" என்றாள். "எந்த ஸ்டாண்டுல அவன் பேரைச் சொன்னீங்களோ, அங்கயே போயி நடந்ததைச் சொல்லுங்க. சொல்லிட்டு வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க. இல்லாட்டி வராதீங்க."

அவன் கத்திப் பார்த்தான். அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் குடியிருந்த வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

சில நாள் அவன் ஓட்டலில் சாப்பிட்டான். ரேடியேட்டருக்குத் தானே தண்ணீர் ஊற்றினான். இவளுக்கு இவ்வளவு திமிரா என்று காலி வீட்டில் சுவரைப் பார்த்துத் திட்டினான். சுவர் பதிலுக்கு அழவும் இல்லை, பயப்படவும் இல்லை. கடைசியில் ஒரு சாயங்காலம், ரயில் வரக் காத்துக்கொண்டு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்திருந்த நேரத்தில், நின்றபடியே சொன்னான். சொல்லத் தெரியாமல், யாரையோ திட்டுகிற குரலிலேயே முழுவதையும் சொல்லி முடித்தான். யாரும் சிரிக்கவில்லை.

"அன்னிக்குப் பாலத்துலேருந்து வந்ததும் நான் கேட்டேனே. அப்பவே உனக்குத் தெரியுமா?" என்றான் சின்னையா.

"தெரியும்."

சின்னையா பீடியைக் கீழே போட்டு மிதித்தான். ஒரு மனுஷன் சோற்றில் எங்களையும் சேர்த்து மண் போட வைத்துவிட்டாய் என்றான். இனிமேல் இவன் வண்டி வழியில் நின்றால் யாரும் கயிறு போட்டு இழுக்க வேண்டாம் என்று மற்றவர்களிடம் சொன்னான். அவர்களில் இரண்டு பேர் மண்ணச்சநல்லூருக்குப் போய்த் தைரியராஜைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். தென்னூர் ஷெட்டில் அதற்குள் வேறொருவன் சைக்கிள் கடை போட்டிருந்தான். உங்கள் வண்டிகளை இனி நான் தொட மாட்டேன் என்று சொல்லித் தைரியராஜ் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டான்.

அற்புதசாமி அவளைக் கூப்பிடப் போனான். இருதயமேரி துணிப்பையோடு வாசலுக்கு வந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒருத்தனும் என்கூடப் பேசுறதில்ல. வண்டியைப் போட்டா தள்ளிப் போய் நிக்கிறானுங்க. உனக்கு இப்ப திருப்திதானே?"

"எங்க அண்ணனும் இப்படித்தான் இருந்தான். அப்ப நீங்க சிரிச்சீங்க" என்றாள் அவள்.

அவன் வண்டியைச் சுற்றி வந்து முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டான். அவள் அதில் ஏறவில்லை. பின்கதவைத் தானே திறந்து, வாடகைக்குக் கூப்பிட்டவளைப் போல ஓரமாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். பாலக்கரை போக வேண்டும் என்றாள்.